ஈர்க்கு வைத்த முடிச்சு

திருமலைசாமி தன் நிழலைக்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பான் என்று ஆலாந்துறையில் பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அவன் முடிச்சைப் பற்றிச் சொல்வதில் மிகை எதுவும் கிடையாது. எந்த மூட்டையைக் கட்டினாலும் இடது கைப் பக்கமாகச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவான். போட்டு, முடிச்சின் இடுக்கில் தென்னை ஈர்க்குத் துண்டு ஒன்றை, நகத்தளவு, செருகி வைப்பான். யாராவது முடிச்சை அவிழ்த்தால் ஈர்க்கு கீழே விழும். விழுந்ததை அவிழ்த்தவன் கவனிக்கமாட்டான். திருமலைசாமி கவனிப்பான்.

வீட்டில் உறிப்பானை வாயைக் கட்டும் துணியிலும் ஈர்க்கு உண்டு. கட்டிய மனைவி சென்னியம்மாளை நம்பாமல் வைத்த ஈர்க்கு அது. கல்யாணமான மூன்றாம் மாதமே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஈர்க்கை எடுத்துத் தலைமுடியில் செருகிக்கொள்வாள், வேண்டியதை எடுத்துக்கொள்வாள், பிறகு அதே முடிச்சைப் போட்டு அதே இடத்தில் ஈர்க்கை வைத்துவிடுவாள். இருபது வருஷமாக இது நடக்கிறது. உலகத்தையே வேவு பார்த்த மனிதனுக்கு இது மட்டும் தெரியாது.

பிறந்தது தோட்டங்காட்டுக் குடும்பம். கிணறு வற்றியது, தம்பி பங்கு கேட்டான், மிஞ்சியதில் பிழைக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் சிறுவாணிப் பக்கத்து மலையில் காட்டின் எல்லையை அளந்து கல் நட ஒரு சர்வே கூட்டம் வந்து ஆலாந்துறையில் தகரக் கொட்டகை போட்டது. சாமான்களைக் காக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார் சர்வேயர் வேங்கடசாமி. யாரையும் நம்பாத ஆளைவிட நல்ல காவல்காரன் எங்கே கிடைப்பான்? கொட்டகைச் சாவி திருமலைசாமியின் இடுப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு கூடாரம், கம்பளி, கயிறு, மலையை ஒற்றைக் கண்ணால் பார்த்து அளக்கும் கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு.

முதல் வருஷமே ஒன்று நடந்தது. கூடாரக் கம்பத்தின் பித்தளைக் குமிழ் ஒன்றைக் காணவில்லை. ஆறுச்சாமி என்ற சுமையாளின் மேல் திருமலைசாமிக்குச் சந்தேகம். சந்தேகத்தைச் சொன்னான். ஆறுச்சாமியை நிறுத்திவிட்டார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலையாளத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தான். இரண்டு மாதம் கழித்துக் கூடாரத்தை விரித்தபோது, மடிப்புக்குள்ளிருந்து குமிழ் உருண்டு வந்து திருமலைசாமியின் காலடியில் நின்றது. சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. கம்பத்தில் மாட்டினான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தக் குமிழை அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனாலும் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷத்து ஆனி மழை கூட்டத்தை ஒரு வழி பண்ணிவிட்டது. சுமையாட்கள் சாக்கை மடித்துக் கொங்காடையாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினார்கள். தலை நனையவில்லை, முதுகிலிருந்த மூட்டை நனைந்தது. கம்பளி தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஐந்து பேர் சுமந்தது எட்டுப் பேர் சுமையானது. ஒருவன் வழுக்கி விழுந்து இடுப்பு போயிற்று. தீக்குச்சி பிடிக்கவில்லை, அரிசி முளைவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அளவுகளை எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களில் மை கரைந்து ஓடி, மூன்று மாத வேலை நீலத் தண்ணீராகப் போய்விட்டது. தார்ப்பாய் போட்டு மூடலாம் என்றால் தார்ப்பாயைச் சுமக்கவே தனியாக இரண்டு ஆள் வேண்டும்.

அடுத்த வருஷம் வைகாசியில் சர்வேயர் கோயமுத்தூர் போய்விட்டு ஒரு புதுச் சங்கதியோடு வந்தார். கோட்டைமேட்டில் உம்மல் குல்சும் என்று ஓர் அம்மாள். புருஷன் குடைக்குத் துணி தைத்தவர், காலமாகிவிட்டார். தொழிலை இவள் எடுத்துக்கொண்டாள். சோமனூர்த் தறியில் நெய்த மெல்லிய துணியில் பை தைத்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மூன்று தடவை பூசி உலர்த்தினால், மழை எவ்வளவு அடித்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காதாம். எடையோ ஒரு துண்டின் எடைதான். இருபது பை செய்யச் சொல்லியிருக்கிறேன், முதல் பத்தைப் போய் வாங்கி வா என்றார்.

திருமலைசாமி பஸ் ஏறிப் போனான். அந்தச் சின்ன வீட்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, தேன் நிறத்தில் பைகள் தொங்கின. ஒன்றைக் கையில் வாங்கினான். கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கசக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கியது. இது மழையைத் தடுக்குமா என்று அவனுக்கு ஒரே யோசனை. தடுக்கும் பொருள் என்றால் கனக்க வேண்டாமா? ஒரு குடம் தண்ணீர் வாங்கிப் பைக்குள் ஊற்றி, வாயைச் சுருட்டிக் கட்டி, நிலையில் தொங்கவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்தான். மத்தியானம் வரை ஒரு சொட்டு விழவில்லை. ஒழுகியிருந்தாலாவது அவன் மனசு ஆறியிருக்கும். ஒழுகாததால் இன்னும் பலமாகச் சந்தேகம் வந்தது.

குல்சும் அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தாள். பை வாயை மூன்று சுற்றுச் சுருட்டி, இரண்டு முனையையும் மடக்கிக் கட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். கடைசிப் பூச்சு நேற்றுத்தான் பூசியது, இன்னும் பத்து நாள் காய வேண்டும், பொறுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். பத்து நாளில் வேறு யாருக்கோ விற்றுவிடப் போகிறாள் என்று திருமலைசாமிக்குப் பட்டது. இன்றைக்கே கொடுத்தால்தான் ஆயிற்று என்று நின்றுகொண்டான்.

“கொண்டு போறதுன்னாக் கொண்டு போங்ணா. ஆனா மடிச்சு மட்டும் வெச்சுப்போடாதீங்க. ஒண்ணொண்ணாக் காத்தாடத் தொங்க விடோணும். அடுக்கி வெச்சா சூடு கட்டீரும்ங்க.”

சூடு கட்டுவதைப் பற்றி ஒரு பட்டணத்துத் தையல்காரி தனக்குச் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொண்டான். ஈரம் காயாத சோளத்தட்டைப் போர் போட்டால் உள்ளே புழுங்கிச் சூடேறும், ஆவி பறக்கும், சில சமயம் புகையே வரும். தோட்டங்காட்டில் பிறந்த எவனுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அது தண்ணீரால் வருவது. தண்ணீர் இல்லாவிட்டால் புழுக்கம் ஏது? தண்ணீரே ஒட்டாத துணி எப்படிச் சூடு கட்டும்? அவன் கணக்கில் ஓட்டையே இல்லை. அந்த அம்மாளுக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டு, பைகளைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஆலாந்துறைக்கு வந்ததும் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை எவனும் திருட முடியாது, தூக்கினாலே நாலு பேருக்குத் தெரியும். இந்தப் பை அப்படியா? வேட்டி மடியில் ஒன்றைச் செருகிக்கொண்டு ஊர் நடுவே நடந்து போகலாம். கொடியில் தொங்கவிட்டால் காற்று அடித்ததா, கை அடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேசான பொருள் என்றாலே அவனுக்குப் பொல்லாத பொருள்தான். பத்தையும் நான்காய் எட்டாய் மடித்தான். ஒரு சாக்குக்குள் திணித்து வாயை இறுக்கி இடதுகை முடிச்சுப் போட்டான். ஈர்க்கு செருகினான். மேலே நாலு கம்பளியை அடுக்கினான். தகரக் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

சுமையாட்களில் வேலுமணி என்று ஒருவன். மாசுமறுவில்லாத வேலைக்காரன். மற்றவர்கள் இரண்டு தடவை ஏறுவதை ஒரே தடவையில் ஏற்றுவான், எதையும் கீழே போடமாட்டான், கூலியைப் பற்றி முணுமுணுக்கமாட்டான். அதிகம் பேசவும் மாட்டான். இந்தக் கடைசிக் குணத்தைத்தான் திருமலைசாமியால் தாங்க முடியவில்லை. பேசாத மனிதன் மனசுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? கூட்டத்தில் எல்லாரையும் ஒரு கண்ணால் பார்த்தால், வேலுமணியை இரண்டு கண்ணாலும் பார்த்தான்.

மறுநாள் காலை சர்வேயர் கயிறு எடுத்துவரச் சொன்னார். திருமலைசாமி கொட்டகையைத் திறந்துவிட்டு வாசலில் யாரோடோ வண்டிமாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே போன வேலுமணி திரும்பி வர நேரமானது. சும்மா இருப்பானா நம் ஆள்? பூனை நடையாக உள்ளே போனான். கம்பளிகள் ஒரு பக்கம் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. சாக்கின் வாய் திறந்திருந்தது. வேலுமணி பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து விரித்துக்கொண்டிருந்தான். தரையில் ஈர்க்குத் துண்டு கிடந்தது.

திருமலைசாமிக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை ஒரு சந்தோஷம் ஓடியது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் அது சந்தோஷம்தான். இத்தனை வருஷம் வைத்த ஈர்க்கு அன்றைக்குத்தான் ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

“மூட்ட மேல கை பட்டுதுங்க பண்ணாடி. வெதுவெதுன்னு இருந்துச்சு. வாசமும் ஒரு மாதிரி காரலா அடிச்சுது. காத்தாட வெக்கலாம்னுதானுங்க பிரிச்சேன்” என்றான் வேலுமணி.

திருமலைசாமி பைகளை எண்ணினான். பத்தும் இருந்தன. தான் வந்துவிட்டதால்தான் பத்தும் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டான். தகரக் கூரைக்குக் கீழே வைகாசி மாதத்தில் எதுதான் வெதுவெதுப்பாக இருக்காது? மறுபடியும் மடித்தான், இந்தத் தடவை இன்னும் இறுக்கமாக. சாக்குக்குள் முட்டிக்கால் போட்டுத் திணித்து, இரட்டை முடிச்சு, இரட்டை ஈர்க்கு. மேலே கம்பளி, அதன்மேல் கூடாரத் துணி. வேலுமணி வாய் திறந்து மறுபடியும் மடிக்க வேண்டாம் என்றான். உன் வேலையைப் பார் என்று விரட்டினான் திருமலைசாமி. வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். வேலுமணி வெளியே போகும்போது, வழக்கத்துக்கு மாறாக, எல்லார் காதிலும் விழும்படி ஒரு வார்த்தை சொன்னான்.

“நாளைக்கு எரிஞ்சு கிரிஞ்சு போச்சுன்னா என்னையச் சொல்லாதீங்க.”

மறுநாள் உச்சி வெயிலில் கொட்டகை புகைந்தது. முதலில் புகையைப் பார்த்தவன் வேலுமணி. பூட்டை உடைத்தவன் வேலுமணி. உள்ளே பாய்ந்து கண்ணாடிப் பெட்டியை இழுத்து வெளியே போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவனும் அவன்தான். கூடாரமும் கம்பளிகளும் போயின. பைகள் இருந்த இடத்தில் தார் போல ஏதோ உருகிக் கிடந்தது. கிணற்றடியிலிருந்து ஆட்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றி மிச்சத்தை அணைத்தார்கள்.

திருமலைசாமியின் மூளை அப்போது வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டும். எரியும் என்று முதல் நாளே சொன்னவன் யார்? புகையை முதலில் பார்த்தவன் யார்? பூட்டை உடைக்கக் கல்லோடு தயாராக நின்றவன் யார்? பெட்டியைக் காப்பாற்றினானே என்று சர்வேயர் இழுத்தார். நல்ல பேர் வாங்கத்தான் காப்பாற்றினான் என்றான் திருமலைசாமி. ஈர்க்கு விழுந்த கதையை விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். வாசலில் நின்ற நாலு பேரும் வேலுமணி சொன்ன வார்த்தையைக் கேட்டதாக ஒப்புக்கொண்டார்கள். அது உண்மைதானே, வேறு என்ன சொல்வார்கள். வேலுமணியின் சுட்ட கைக்கு மருந்துகூடப் போடவில்லை. அப்படியே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாளில் கோர்ட்டுக்குக் கொண்டுபோவோம், இரண்டு வருஷமாவது உள்ளே இருப்பான் என்று ஏட்டு சொல்லிவிட்டுப் போனார். வேலுமணியின் மனைவி பழனியாத்தாள் ஸ்டேஷன் எதிரே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் சர்வேயர் மிச்சப் பத்துப் பைகளைப் பார்த்து வரச் சொன்னார். மழை தலைக்கு மேல் வந்துவிட்டது. திருமலைசாமி வழியெல்லாம் ஒரு யோசனையோடு போனான். தீ அவ்வளவு வேகமாகப் பிடித்ததற்கு அந்த அம்மாளும் காரணமாக இருக்கலாம். விலை மலிவாகக் கிடைக்கிறதென்று ஆளிவிதை எண்ணெயில் மண்ணெண்ணெயைக் கலந்திருப்பாள். வைத்தது வேலுமணி, எரிந்தது இவள் கலப்படம். இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தால் என்ன?

அவன் போன நேரம் குல்சும் அம்மாள் புதுப் பைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். பூசித் துடைத்த கந்தல்களைப் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு சட்டிக்குள் போட்டுப்போட்டு அமுக்கினாள். திருமலைசாமியின் கண் அங்கேதான் போய் நின்றது. கந்தலைத் தண்ணீருக்குள் ஒளித்து வைப்பானேன்? மண்ணெண்ணெய் வாசம் போகவா? நேராகவே கேட்டுவிட்டான். தீப்பிடித்த கதையையும், ஆள் பிடிபட்ட கதையையும் சொல்லி, எண்ணெயில் என்ன கலந்தாய் என்று அதட்டினான்.

அந்த அம்மாள் கையிலிருந்த கந்தலைக் கீழே வைத்தாள்.

“மடிச்சு வெச்சீங்களா?”

அவன் பார்வையைக் கொடியில் தொங்கிய பைகள் மேல் திருப்பினான்.

“அய்யோ, யாரும் தீ வெக்கோணும்னே இல்லீங்ணா. இந்த எண்ண காயும்போது தன்னால சூடாகும். காத்துப் பட்டா சூடு போயிரும். சுருட்டி வெச்சா போறதுக்கு வழியில்லாம உள்ளயே ஏறி ஏறிப் பத்திக்கும். இதே மாதிரி எங்க பழைய ஊட்டுல ஒரு மூலை எரிஞ்சு போச்சுங்க. அதுலிருந்துதான் கந்தலத் தண்ணிக்குள்ள போடறனுங்க.”

நம்புவானா? பிடிபட்டவள் தப்பிக்கக் கட்டும் கதை என்றுதான் நினைத்தான். அவளும் விடுவதாக இல்லை. அன்றைக்குத் துடைத்த கந்தல்களில் இன்னும் தண்ணீரில் போடாதவற்றை ஒரு கை அள்ளி அவன் முன்னால் போட்டு, நீங்களே சுருட்டுங்கள், நீங்களே கட்டுங்கள், நீங்களே காவல் இருங்கள் என்றாள்.

இது அவனுக்குப் பிடித்தமான வேலை. கந்தல்களுக்குள் கங்கு, தீக்குச்சி ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக உதறினான். ஒரு பழைய பானையைத் தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, அதில் இறுக்கித் திணித்தான். மேலே சாக்கைப் போட்டு இடதுகை முடிச்சு. மடியில் எப்போதும் இருக்கும் ஈர்க்கில் ஒரு துண்டு. பானையை முற்றத்து நடுவில், யாருடைய கையும் எட்டாத இடத்தில் வைத்தான். அவள் வீட்டுக்குள் போகும்போதெல்லாம் வாசல் பக்கம் ஒரு பார்வை, பானை மேல் ஒரு பார்வை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. வாங்கும்போது கண் ஒரு நொடி விலகுமே. நாலு மணி நேரம் அந்த மனிதன் இமைகொட்டினானா என்பதே சந்தேகம்.

மத்தியானம் சாய்ந்த பிறகு ஒரு காரல் வாசம் வந்தது. எங்கேயோ கேள்விப்பட்ட வாசம். திருமலைசாமி எழுந்து போய்ப் பானையைத் தொட்டான். கையை வெடுக்கென்று எடுத்தான். ஈர்க்கு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. முடிச்சை அவிழ்த்தான், ஈர்க்கு காலடியில் விழுந்தது. சாக்கை விலக்கியதும் உள்ளிருந்து மெல்லிய நீலப் புகை ஒன்று எழுந்து அவன் முகத்தில் மோதியது. நடுவில் இருந்த கந்தல் கறுத்துப்போயிருந்தது.

யாரும் தொடவில்லை. இதை இந்த உலகத்தில் வேறு எவன் சொன்னாலும் அவன் நம்பியிருக்கமாட்டான். சொன்னது அவன் கண், அவன் முடிச்சு, அவன் ஈர்க்கு. மூன்றையும் சந்தேகப்பட அவனுக்குத் தெரியாது.

குல்சும் அம்மாள் ஒரு செம்பு தண்ணீரைப் பானைக்குள் ஊற்றினாள். திருமலைசாமி முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டான். வெதுவெதுன்னு இருந்துச்சுங்க பண்ணாடி. அந்தக் குரல் காதுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. வேலுமணி பிரித்து வைத்தானே, அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அணைய இருந்த தீயை மறுபடி மடித்து, முட்டிக்கால் போட்டுத் திணித்து, இரட்டை முடிச்சுப் போட்டுக் காவல் காத்தது யார்? அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

பஸ்ஸில் வரும்போது மனசு பழைய வேலையைத் தொடங்கியது. இது யாருக்குத் தெரியும்? அந்த அம்மாளுக்குத் தெரியும். அவள் ஆலாந்துறைக்கு வரப்போவதில்லை. சர்வேயருக்குத் தெரிய வழியில்லை. சொன்னால் சாவி போகும், வேலை போகும், ஊரில் பேர் போகும். பித்தளைக் குமிழைப் போல இதையும் சத்தமில்லாமல் மாட்டிவிட்டு இருந்துவிடலாம். ஆறுச்சாமி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, தலையில் பாத்திரச் சாக்கோடு, தெற்கு வழியாக நடந்து போனது ஞாபகம் வந்தது. அவன் பிள்ளை ஒன்று அப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குத் திருமலைசாமி கொட்டகை வாசலில் நின்று, போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டு போகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகவில்லை. இறங்கி நேரே சர்வேயர் இருந்த இடத்துக்குப் போனான். பானைக் கதையை முழுதாகச் சொன்னான். குல்சும் அம்மாள் மடிக்க வேண்டாம் என்று சொன்னதை மறைக்கவில்லை. வேலுமணி பிரித்து வைத்ததைத் தானே திரும்பக் கட்டியதையும் மறைக்கவில்லை. அதோடு நிற்கவும் முடியவில்லை. கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னான்.

“அந்தக் குமிழும் ஆறுச்சாமி எடுக்கலீங்கய்யா. டேரா மடிப்புக்குள்ளதான் இருந்துச்சு. நாந்தான் எடுத்து மாட்டிப்போட்டேன்.”

வேங்கடசாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாவியைக் கேட்டு வாங்கி மேசைமேல் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, வா ஸ்டேஷனுக்கு என்றார்.

ஏட்டு உடனே விட்டுவிடவில்லை. துணி தன்னால் எரியுமா என்று சிரித்தார். சர்வேயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, திருமலைசாமி கைநாட்டு வைத்து, ஒருவழியாக முடிந்தது. வேலுமணியை வெளியே கொண்டுவந்தார்கள். சுட்ட கை வீங்கிக் கொப்புளம் உடைந்திருந்தது. நடக்கும்போது ஒரு காலைச் சாய்த்து வைத்தான். முதுகைத் திருமலைசாமி பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

“தப்பு என்ற மேலதான் வேலுமணி. நீ சொன்னதக் கேட்டிருக்கோணும்” என்றான். வேறு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

“செரிங்க” என்றான் வேலுமணி.

பழனியாத்தாள் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். புருஷன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு திருமலைசாமியை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“மூட்ட சுடுதுன்னு அன்னைக்கே ஊட்டுல வந்து சொன்னாருங்க. இங்கயும் அதத்தான் ரண்டு நாளாச் சொன்னாரு. தையக்காரம்மா சொன்னாத்தான் உங்குளுக்குக் காதுல ஏறுதுங்களா?”

பதிலுக்கு நிற்காமல் புருஷனை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆறுச்சாமியைத் தேடி சர்வேயர் மலையாளத்துப் பக்கம் இரண்டு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. ஆனி பிறந்தது. மிச்சப் பத்துப் பைகள் கொடியிலேயே பதமாகக் காய்ந்து வந்து சேர்ந்தன. கை ஆறியதும் வேலுமணி வேலைக்கு வந்தான். வராமல் எப்படி, அடுப்பு எரிய வேண்டுமே. கொட்டகைச் சாவியை நீ வைத்துக்கொள் என்றார் சர்வேயர். அவன் கையைக் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றுவிட்டான். சாவி இருக்கும் இடத்தில்தான் அடுத்த சந்தேகமும் வரும் என்று சொன்னானாம். சாவி சர்வேயரிடமே இருந்தது. திருமலைசாமி வேலையை விட்டுப் போகவில்லை. போகச் சொல்லவும் இல்லை. சுமையாட்களில் ஒருவனாக, தலையில் கொங்காடையும் முதுகில் பையுமாக, வேலுமணிக்குப் பின்னால் ஏறினான்.

மலையில் இரண்டு நாள் மழை விடவில்லை. முன் வருஷம் எட்டுப் பேர் சுமந்ததை இந்த வருஷம் நாலு பேர் சுமந்தார்கள். முதுகில் தண்ணீர் அருவி போல ஓடியது. பாறைமேல் புதிதாக வாங்கிய கூடாரத்தை அடித்துப் பைகளைப் பிரித்தபோது கம்பளி வெயிலில் காய்ந்தது போல் இருந்தது. தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றியது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுத்தைத் தடவிப் பார்த்துச் சர்வேயர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். கஞ்சி கொதித்தது. ஆளாளுக்குக் குல்சும் அம்மாளைப் புகழ்ந்தார்கள்.

ஆட்களின் சொந்தத் துணிமணிக்கென்று ஆளுக்கு ஒரு பை கொடுத்திருந்தார்கள். எல்லாப் பைகளும் கூடாரத்தின் ஓரத்தில் குவிந்து கிடந்தன. வேலுமணி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மாற்றுத் துணி எடுத்துக் கொடுப்போம் என்று திருமலைசாமியே எழுந்து போனான். அவனுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று பத்து நாளாக மனசு அடித்துக்கொண்டிருந்தது. வேலுமணியின் பையை எடுத்தான். வாய் மூன்று சுற்றுச் சுருட்டி, முனை மடக்கிக் கட்டியிருந்தது.

முடிச்சின் இடுக்கில் நகத்தளவு ஈர்க்குத் துண்டு ஒன்று செருகியிருந்தது.

அந்த மலையில் தென்னை கிடையாது. கீழேயிருந்தே கொண்டுவந்திருக்கிறான். திருமலைசாமி பையை இரண்டு கையாலும் ஏந்தி, ஆடாமல் அசையாமல், ஈர்க்கு விழுந்துவிடாமல் கொண்டுபோய் வேலுமணியின் பக்கத்தில் வைத்தான்.

வேலுமணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து முடிச்சைப் பார்த்தான். ஈர்க்கு இருந்தது. அதற்குப் பிறகுதான் அவிழ்த்தான்.